உப்பு பார்க்காத மாஸ்டர்

விழுப்புரத்தில் படம் பார்த்துவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நானும் மகளும். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. படம் அவள் விருப்பம். எனக்கு ஏசி பிடித்திருந்தது.

இதற்கு முன்னால் வந்த படத்தில் ஒரு கபடி வாத்தியார் வருவார். கோட்டுக்கு வெளியே நின்றுதான் கத்துவார். உள்ளே கால் வைக்க மாட்டார். அந்தக் கெத்துக்குத் தியேட்டரே விசில் அடித்தது. நானும் அடித்தேன். இப்போது வந்திருப்பது அதற்கு முந்தின கதை. வாத்தியாருக்கு இருபது வயது. அவர் பிடித்த பிடியில் ஒருவன் விழுகிறான். எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து கோட்டைப் பார்த்தாலே அவருக்குக் கால் நடுங்குகிறது. நாங்கள் விசில் அடித்தது கெத்துக்கு இல்லை. பயத்துக்கு.

"மொத படம் அப்படியேதான கீதுப்பா? ஒரு சீனு மாறல. ஆனா இனிமே பாத்தா விசில் வராது," என்றாள் மகள்.

முன் சீட்டில் ஒரு அம்மா பரோட்டா பொட்டலம் வைத்திருந்தார். சால்னா கசிந்து வாசனை வந்தது. பட்டை கொஞ்சம் தூக்கல். தொழில் புத்தி, போகாது.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. ஊர் கெடார். நிலத்தில் மல்லாட்டை போட்டேன், இரண்டு வருஷம் மழையில்லாமல் கடலை காய்ந்தது. முப்பது வயதில் விக்கிரவாண்டி ரோட்டோர ஓட்டலுக்கு வேலைக்கு வந்தேன். அங்கே மாஸ்டர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மாவு பிசைவது, வீசுவது, அடுப்பு தணிப்பது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏம்பா கெடாரு" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம். எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். வெங்காயம் வதங்கியதைக் கண்ணால் பார்ப்பார். சால்னா கொதித்ததும் கரண்டியை என் பக்கம் நீட்டுவார்.

"கெடாரு, உப்பு பாரு."

உள்ளங்கையில் நாலு சொட்டு. நக்கிவிட்டுச் சொல்வேன். அப்படியே செய்வார். சமையல்கட்டில் ஐந்து பேர் இருந்தோம். என்னைத்தான் கேட்பார். "மாஸ்டரு நாக்கால சமைக்கிறவரு இல்லடா, கண்ணால சமைக்கிறவரு," என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு என் நாக்குதான் பெருமை. ஊருக்குப் போனால் அம்மா வைத்த குழம்புக்கே குறை சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கரண்டியை ஓங்கினாள்.

ஓர் ஆடி மாதம். ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். லீவு கேட்டேன். மற்ற நாலு பேருக்கும் முறை வைத்து லீவு உண்டு. எனக்கு மட்டும் இல்லை.

"நீ போனா வேல நிக்கும்பா," என்றார் மாஸ்டர்.

"மத்தவன்லாம் போனா நிக்காதா?"

"பேஜாரு பண்ணாத. போய் மாவப் பாரு."

அன்று சாயங்காலம் கரண்டி நீட்டினார். நக்கினேன். கரித்தது. ஞாபகம் இல்லாமல் உப்பை இரண்டு தடவை போட்டிருந்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தேன். ஊரில் இந்நேரம் அம்மா கேப்பைக் கூழுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

"சரியா கீது மாஸ்டர்," என்றேன்.

பத்து நிமிஷத்தில் முன்னால் சத்தம். லாரி டிரைவர் ஒருவர் தட்டைத் தள்ளினார். "யோவ், மரக்காணத்து உப்பு மொத்தமும் இங்கதான் கீதா?" முதலாளி உள்ளே வந்தார். சால்னாவை வாயில் வைத்துத் துப்பினார்.

"வாயில வெச்சிப் பாக்கலயா நீ?"

மாஸ்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். "மறந்துட்டேங்க. என் தப்புதான்."

பக்கத்து அடுப்பில் குருமா கொதித்தது. இன்னும் உப்பே போடவில்லை. முதலாளி அதில் ஒரு கரண்டி எடுத்து அவரிடம் நீட்டினார். "இதப் பாரு. என் கண்ணு முன்னாடி பாரு."

மாஸ்டர் குடித்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரியா கீதுங்க," என்றார்.

முதலாளியும் அந்தக் குருமாவை நக்கிப் பார்த்தார். கரண்டியைப் போட்டுவிட்டுப் போனார். பயத்தில் உளறிவிட்டார் என்று நான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். ஒரு வாரத்தில் மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு போனார். "ஊட்டோட இருக்கப் போறேம்பா" என்றார். அவர் அடுப்பு எனக்கு வந்தது. நானும் மாஸ்டர் ஆனேன். பிறகு திண்டிவனத்தில் சொந்தமாகச் சின்னக் கடை.

அதோடு மறந்துவிட்டேன். போன தை மாதம் வளவனூரில் ஒரு காதுகுத்துக்குச் சமைக்கப் போனேன். பந்தி முடிந்து கை கழுவும்போது ஒரு அம்மா கிட்டே வந்தார். "நீ கெடாரு தம்பி இல்ல?" மாஸ்டரின் சம்சாரம். விடவில்லை. வீட்டுக்கு இழுத்துப் போனார்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்து, "இன்னாப்பா, தொப்ப போட்டுட்ட?" என்றார். அந்த அம்மா கறிக்குழம்பை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே பேசினார்.

"விக்கிரவாண்டிக்கு முந்தி திண்டிவனத்துல வேல பாத்தப்ப இவருக்கு ஒரு ஜொரம் வந்துச்சி தம்பி. அதோட நாக்குல ருசி போச்சி. மூக்குல வாசனயும் போச்சி. தெரிஞ்ச அன்னிக்கே அந்த ஓட்டல்காரன் தொரத்திட்டான். அப்புறம் ஒரு மனுசங்கிட்ட வாய் திறக்கல. 'விக்கிரவாண்டில ஒருத்தன் கீறான், அவன் நாக்குதான் எனக்கு நாக்கு, அவன் இருக்கறவரிக்கும் பயமில்ல'ன்னு சொல்லிக்கினே இருப்பாரு."

சொல்லிவிட்டு என்னைக் கும்பிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கண்ணால் சமைத்தது. லீவு தராதது. உப்பில்லாத குருமாவைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தது. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வேறு மாதிரி நின்றன. நடந்தது நடந்ததுதான். ஒன்றும் மாறவில்லை.

மாஸ்டர் எழுந்து வந்து குழம்பில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். "கெடாரு, உப்பு பாரு."

உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

"ஒரு கல்லு கம்மி மாஸ்டர்."

அவர் சிரித்தார். "அன்னிக்கும் இப்டி நெஜத்த சொல்லி இருக்கலாம் இல்ல?"

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. உப்பு ஜாடியை எடுக்கப் போனார். நான் பொய் சொன்னதை இத்தனை வருஷத்தில் மாஸ்டர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பஸ் விக்கிரவாண்டி மேம்பாலத்தில் ஏறியது. ஓட்டல் இருந்த இடம் பாலத்துக்குக் கீழே போய்விட்டது. புளியமரம் இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் லாரி நிற்கிறது. காட்டுவதற்கு ஒரு செங்கல்கூட இல்லை. ஆனாலும் இங்கே வரும்போதெல்லாம் மகளிடம் கை நீட்டிச் சொல்வேன், "இங்கதான் நான் மாஸ்டர் ஆனேன்." அவளுக்கு மனப்பாடம்.

"அப்பா, ஒன் எடம் வந்துடுச்சி. ஜல்தியா சொல்லு," என்றாள்.

கை எழவில்லை.

"எனக்கு முன்னாடி அங்க ஒரு மாஸ்டர் இருந்தாரும்மா," என்றேன்.

அவள் போனை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.