மனதுக்குள் போய்வந்த பொலிஸ் நிலையம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் போர்க்காலம். வீடு நாலந்தாவுக்குப் பக்கத்தில். வேலை மாத்தளையில், ஒரு துணிக்கடையில். ஒரு மாலை, நெரிசலான பஸ்ஸில் என் பர்ஸ் தொலைந்தது. அடையாள அட்டை அதற்குள் இருந்தது.

அட்டை தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, அவர்கள் தரும் துண்டை வைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் புறப்படும் ஒவ்வொரு காலையும் அந்த அறை கண்முன் வரும். உட்காரவைக்கும் மர வாங்கு, என் தமிழ்ப் பெயரைக் கேட்டதும் நிமிரும் முகம், பின்னால் சாத்தப்படும் கதவு. கதவின் சத்தம்கூடக் கேட்கும். நேரே கடைக்குப் போய்விடுவேன். வழியில் இராணுவச் சோதனைச் சாவடி வருமுன்னே இறங்கி, கொக்கோத் தோட்டத்துக்குள்ளால் சுற்றி நடந்து அடுத்த பஸ் பிடிப்பேன்.

"என்ன, இன்னைக்கும் மனசுக்குள்ளயே ஸ்டேஷனுக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா?" என்பாள் மனைவி.

"நாளைக்குப் போறேன்."

"தெனமும் இதத்தான சொல்றீங்க."

ஐந்து வாரம் போனது. ஒரு காலை, வழக்கமில்லாத இடத்தில், அலுவிகாரைக்கு அருகே பொலிஸார் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எல்லோர் கையிலும் அட்டை. என் கை வெறும் சட்டைப்பையைத் துழாவியது.

அவர்கள் என்னைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் மர வாங்கு இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. பெயரைச் சொன்னபோது அதிகாரி நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். அட்டை எப்போது தொலைந்தது என்று சொன்னதும்தான் பேனாவை வைத்தார்.

"அஞ்சு வாரமா ஏன் வரல்ல? புலியில யாருக்குக் குடுத்த?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பயத்துல வரல்ல, சேர்."

"பயப்படுற மாதிரி என்ன செஞ்ச?"

அப்போதுதான் கதவைச் சாத்தினார்கள்.

பொழுது சாயும்வரை அதே கேள்வியை மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, மனைவி என் முதலாளியைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தாள். அவர் சிங்களவர். எனக்காகக் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தார்.

திரும்பும்போது, அன்று பதிந்து வாங்கிய முறைப்பாட்டுத் துண்டை மனைவி என்னிடம் தரவில்லை. சாவடியில் அவளே எடுத்துக் காட்டினாள்.

இன்றும் ஏதாவது வேலையைத் தள்ளிப்போடும்போது அந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். ஐந்து வாரம் ஓயாமல் நான் வரைந்த படத்தில் வாங்கு இருந்தது, கதவு இருந்தது, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை" என்ற கேள்வி மட்டும் இருக்கவில்லை.