பச்சைச் சேட்டு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. பன்னிரண்டாம் நாள், நெடுந்தீவுக் கரையில் யாரோ போட்டிருந்த சேட்டு ஒன்று ஒதுங்கியிருப்பதாகச் செய்தி வந்தது. அதை ஊர்காவற்றுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்களாம், அடையாளம் காட்ட வேண்டுமாம். பெரியப்பாவோடு அனலைதீவிலிருந்து படகேறினோம். என்னை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை.

அது மீனவர் சங்கத்தின் பின்னறை. ஆட்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று யன்னல்களைச் சாத்தி, ரியூப் லைற்றைப் போட்டிருந்தார்கள். மேசையில் பழைய பேப்பரின் மேல் சேட்டுக் கிடந்தது. அம்மா அதைக் கையில் எடுத்தார். கொலரைத் தடவினார். பொக்கற்றின் ஓரத்தில், முன்பொருமுறை கிழிந்து அவரே தைத்த இடத்தில், விரலை வைத்தபடி நின்றார்.

“இது நீலம். அவர் போட்டுக்கொண்டு போனது பச்சை.”

“வடிவாப் பாரும் தங்கச்சி,” என்றார் பெரியப்பா.

“பாத்திட்டன். நீலந்தான்.”

அந்த வெளிச்சத்தில் அது நீலமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் சேட்டை எனக்குத் தெரியும். அம்மா சமைக்கும் குசினியின் லைற்றின் கீழே நீலமாக இருப்பது, முற்றத்தில் இறங்கியதும் பச்சையாகிவிடும். அது எனக்குப் பெரிய அதிசயம். அம்மாவின் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மத்தியான வெயிலில் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தேன்.

“அம்மா, இஞ்ச வந்து பாருங்கோ! பச்சை!”

அம்மா வாசல்வரை வந்தார். சேட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“வெய்யிலுக்கு எல்லாம் அப்பிடித்தான் தெரியும். தா.”

வாங்கி மடித்துப் பெரியப்பாவிடம் கொடுத்தார். மேசையில் எழுதிக்கொண்டிருந்த சங்கத்துக்காரரிடம் பெரியப்பா, “அவற்ர சேட்டு இல்லையாம் எண்டு எழுதுங்கோ,” என்றார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம். சரியாகச் சொன்ன என்னை யாரும் மெச்சவில்லையே என்று படகின் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். பச்சை என்றால் அப்பா இனி வரமாட்டார் என்பதுதான் அர்த்தம் என்று எனக்குப் புத்தியில் ஓடவேயில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. இரவில் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போட்டு மூடி வைத்தார்.

ஒரு வருடம் போனபின், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். “அண்ணை, அந்தச் சேட்டைத் தாங்கோ,” என்றார். அன்று சங்கத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்ததைப் பெரியப்பா அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் குந்தியிருந்து, அம்மா முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதார்.

பாவம், இன்றைக்குத்தான் அம்மாவுக்கு நிறம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.