“அப்படி யாரும் இங்க வேலை செய்யல!”

பெட்ரோல் வரிசைகள் ஒருவழியாக முடிந்து, படித்தவர்கள் எல்லாம் பாஸ்போர்ட் எடுக்க வரிசையில் நின்ற காலம் அது. இலங்கையில் கரவனெல்லவுக்குப் பக்கத்தில் ஓர் இறப்பர் தொழிற்சாலையில் நான் கொள்வனவு முகாமையாளராக இருந்தேன். கால்மிதிகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனி. இறப்பர் பாலில் இருந்து அட்டைப்பெட்டி, ஒட்டுகிற டேப் வரைக்கும் வாங்கிப் போடுவது என் பொறுப்பு.

வாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், ஊரில் விற்கிறவன் எல்லாம் உங்களுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான். காலையில் பையை வைப்பதற்குள் போன் அடிக்கத் தொடங்கும். அவர்களிடம் “வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்களேன், “எப்ப வேணும்?” என்பார்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. அதனால் வரவேற்பில் போன் எடுக்கும் பிள்ளையிடம் ஒரு நாள் சொன்னேன்: “தங்கச்சி, என்னைய கேட்டு யாரு எடுத்தாலும் இல்லன்னு சொல்லிருங்க.”

அவள் ஒரு முஸ்லிம் பிள்ளை. பக்கத்து ஊர். வாப்பாவின் கடையை மூடிய பிறகு வீடே இவளது சம்பளத்தில்தான் ஓடியது. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. முதல் நாளே “மிஸ் இல்லையாம்” என்று சொல்லி என் மானத்தை வாங்கினாள். நான் விடுவேனா? பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். கூட்டத்தில் இருக்கிறார், கொழும்புக்குப் போய்விட்டார், லீவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

விற்கிறவர்களும் லேசுப்பட்டவர்களா? பேங்க்கில் இருந்து பேசுகிறோம் என்பார்கள், மகளின் பள்ளிக்கூடம் என்பார்கள். நான் அலறியடித்துக்கொண்டு போய் எடுத்தால், “மேடம், ஒரு புது வகை டேப் வந்திருக்கு...” அன்றைக்குத்தான் கடைசி மந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தேன். “எந்த பேரச் சொல்லிக்கிட்டு வந்தாலும் நம்பாதீங்க. அப்படி யாரும் இங்க வேலை செய்யலன்னு சொல்லி வச்சிருங்க.” அதற்குப் பிறகு என் மேசை அமைதியானது. பெரிய சாமர்த்தியசாலி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் நியூசிலாந்தில் ஓர் உணவுக் கொம்பனியில் எனக்கு வேலை கிடைத்தது. இதே கொள்வனவு வேலை.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் இறப்பர் தோட்டத்தில் ஒரு பெண் வெளிநாடு போகிறாள் என்றால் வீட்டு வேலைக்குப் போகிறாள் என்றுதான் அர்த்தம். பால்வெட்டிக்கொண்டிருந்த என் அம்மாவும் அப்படித்தான் குவைத்துக்குப் போனார். நான் பெரியவளானபோது பக்கத்தில் அம்மா இல்லை. பரீட்சை பாஸான செய்தியைக்கூட போனில்தான் சொன்னேன். என் மகளை அப்படி விட்டுவிட்டு எங்கேயும் போவதில்லை என்று சத்தியமே செய்திருந்தேன். இந்த விசா அப்படி இல்லை. புருஷனையும் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இருந்து அப்படிப் போன பெண் ஒருத்தியும் கிடையாது.

கொம்பனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. போகப்போகிறேன் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவரை மூலையில் உட்காரவைத்த கதை எல்லாருக்கும் தெரியும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, படித்த சான்றிதழ் எல்லாவற்றையும் விசாவுக்கு அனுப்பிவிட்டு, வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு நாள் பகல், சோற்றுப் பார்சலைப் பிரித்த நேரத்தில் நியூசிலாந்து விசா ஒஃபிஸில் இருந்து மின்னஞ்சல் வந்தது. நீங்கள் வேலை செய்வதாகச் சொன்ன இடத்துக்குத் தொலைபேசியில் பேசினோம், அப்படி ஒருவர் அங்கே வேலை செய்யவில்லை என்றார்கள், பொய்த் தகவல் தந்திருப்பதாகக் கருத வேண்டியிருக்கிறது, உங்கள் பதிலைக் குறித்த நாளுக்குள் அனுப்புங்கள் என்று இருந்தது. விசா மறுத்தாலாவது பரவாயில்லை, பொய்க்காரி என்று பெயர் விழுந்தால் பிறகு எந்த நாடு கதவைத் திறக்கும்?

என் புத்தி உடனே எங்கே போனது தெரியுமா? கணக்குப் பிரிவில் என்னோடு ஒத்துவராத ஒருவர்மேல். அவர்தான் பொறாமையில் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். புருஷனுக்கு போன் போட்டு அந்தக் கணக்குக்காரரைத் திட்டித் தீர்த்தேன். புருஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஏம்மா, உங்க ஒஃபிஸ்ல போன எடுக்கிறது யாரு?”

ஓடினேன். “தங்கச்சி, என்னைய கேட்டு வெளிநாட்டுல இருந்து ஏதும் கோல் வந்துச்சா?”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “ஓ மிஸ்! ஒரு ஆள் இங்கிலிஷ்ல பேசினார். விசா ஒஃபிஸ்ன்டு வேற செல்றார்! நான் விடல்ல. அப்படி யாரும் இங்க வேலை செய்யல்லன்டு செல்லிட்டேன். பொறகும் ஒருக்கா எடுத்தார். அப்பவும் அதைத்தான் செல்லினேன்.”

பாராட்டை எதிர்பார்த்து என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? “ஐயோ, என் வாழ்க்கையையே நாசமாக்கிட்டீங்களே!” என்று, வந்தவர் போனவர் எல்லாரும் பார்க்கக் கத்தினேன். அது நெசமாவே விசா ஒஃபிஸ்தான் என்று அழுகையோடு சொன்னேன். அவள் முகத்தில் இருந்து இரத்தமே இறங்கிவிட்டது. நான் களஞ்சிய அறைக்குள் போய் பால் பீப்பாய்களுக்கு நடுவில் நின்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கொம்பனியை நடத்தும் பெரிய சேர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. அறைக்குள் போனால், அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நிற்கிறாள். தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறாள். வந்த அழைப்பைச் சரியாகக் கேட்காமல் பிழையாகப் பதில் சொல்லிவிட்டேன், மிஸ்ஸுடைய விசா நிற்கிறது, பிழை என்னுடையது, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக் கொடுத்தது நான் என்ற ஒரு வார்த்தை அவள் வாயில் இருந்து வரவில்லை.

சேர் கோபக்காரர். வரவேற்பில் பொய் சொல்கிற ஆள் எனக்கு வேண்டாம், நாளையில் இருந்து வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார். அவள் தலையில் போட்டிருந்த ஷோலின் நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குக் கணக்கு ஓடியது. பேசாமல் இருந்தால் என் விஷயம் சுத்தமாக முடிந்துவிடும். வாயைத் திறந்தால், கடிதம் தரவேண்டிய அதே மனிதர் என்மேல் பாய்வார், மகளின் பயணம் அதோடு சரி. ஆனால் அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றாள் பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பார்த்தால் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று பயந்துதான் அவள் என்னைப் பார்க்கவில்லை.

“சேர், அவங்க மேல பிழை இல்ல. அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்” என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சிங்களமும் தமிழும் கலந்து எல்லாவற்றையும் கொட்டினேன். டேப் விற்கிறவர்கள், நியூசிலாந்து வேலை, ஒளித்து வைத்தது, அம்மா குவைத்துக்குப் போனது வரைக்கும். அதெல்லாம் அவருக்கு எதற்கு? ஆனாலும் சொன்னேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவளைப் பார்த்து, அப்படியானால் தன்னைக் கேட்டு யாராவது எடுத்தாலும் இதைத்தான் சொல்கிறாயா என்று அதட்டினார். அவள் தலையைக் குனிந்தபடி, “சேர், நீங்க கூட்டத்துல இரிக்கிறதா மட்டும்தான் செல்லச் செல்லி இரிக்கீங்க” என்றாள். முதலில் சிரித்தது சேர்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

“ஹரி” என்று சிங்களத்தில் சம்மதம் சொல்லிவிட்டு அவரே கடிதம் எழுத உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதி, தன் கைபேசி எண்ணையும் போட்டு, நேரடியாகத் தன்னிடமே பேசும்படி கேட்டு முடித்தார். அவள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத்தான் நன்றாகக் கேட்டார், நான்கு வருடம் என்னோடு வேலை செய்துவிட்டு என்னிடமே ஒளித்தாயா என்று. அது கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது. சில வாரங்களில் விசா ஒஃபிஸில் இருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு விசாவும் வந்தது, மூன்று பேருக்கும்.

வேலையின் கடைசி நாளில் அவளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர்கள் வீட்டு இனிப்பான வட்டிலப்பம் செய்து டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். மன்னிச்சிருங்க தங்கச்சி என்று எத்தனையாவது தடவையோ சொன்னேன். “விடுங்க மிஸ்” என்றவள், ஏதோ ஞாபகம் வந்ததுபோல, “இனி உங்களக் கேட்டு கோல் வந்தா, நெசமாவே இல்லன்டு செல்லணுமே” என்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். பின்னால் ஒரு பொலித்தீன் விற்கிறவர் கையில் சாம்பிளோடு நின்றுகொண்டிருந்தார். பாவம், அவரை நானே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன்.

இப்போது இங்கே நியூசிலாந்திலும் அதே வாங்குகிற நாற்காலிதான், அதே விற்கிறவர்கள்தான், போனும் ஓயாமல் அடிக்கிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதுகிற நேரத்திலும் அடிக்கிறது. எரிச்சல் வரத்தான் செய்கிறது, ஆனால் “எனக்கு வேண்டாம்” என்பதை நானே எடுத்துச் சொல்கிறேன். என்னுடைய பொய்யை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாயில் வைக்க எனக்கு அதற்குப் பிறகு மனசு வரவே இல்லை.