கூட்டு, கழி, காத்திரு

கடக், கடக், கர்ர்ர். கம்பியூட்டரைப் போட்டால் இருட்டில் முதலில் இந்தச் சத்தம்தான் கேட்கும். திரையில் வெளிச்சம் அதற்குப் பிறகுதான் வரும். காசு வாங்கிப் போன் பேச விடுகிற கொமியூனிகேஷன் கடைகளில் இரவு வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நம் தொழிலில் பேச வந்தவர்கள் வந்தோம் போனோம் என்று இருப்பார்கள், காத்திருக்க வந்தவர்கள்தான் நம்மோடு குடியிருப்பார்கள்.

கஹவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நஸீர் நானாவின் கடை. உள்ளே நின்று பேசப் பலகை அடித்த இரண்டு போன் பெட்டி, உட்கார ஒரு நீள வாங்கு, விண்ணப்பம் டைப் பண்ணிக் கொடுக்க ஒரு பழைய கம்பியூட்டர். கையில் எல்லாரும் போன் வைத்துக்கொள்ளாத காலம். பொழுது சாய்ந்தால் கடை என் பொறுப்பு. முதல் பஸ் போன பிறகு சாவியை நானாவிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவேன். படுப்பேனே தவிர தூக்கம் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்தக் குறையைச் சம்பளத்துக்கு விற்றவன் நான்.

யாரோ விட்டுப்போன ஒரு சீடியில் சாகச விளையாட்டு எழுதுவதற்கான சிறிய மொழி ஒன்று இருந்தது. மடியில் அகராதியை வைத்துக்கொண்டு அதன் குறிப்புகளை வாசித்தேன். தோட்டப் பாடசாலை ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் ஒரு ராத்திரி பிடித்தது. அவசரம் யாருக்கு?

டப்பா

அந்த மொழியில் 'மாறி' என்று ஒன்று உண்டு. ஒரு டப்பாவுக்குப் பெயர் ஒட்டி, உள்ளே ஓர் எண்ணைப் போட்டு வைப்பது, அவ்வளவுதான். எண்ணை வைக்க ஒரு கட்டளை, கூட்ட ஒன்று, கழிக்க ஒன்று, பெருக்கவும் பிரிக்கவும் ஒவ்வொன்று. இவற்றை வைத்து உள்ளே ஒரு தோட்டத்தையே கட்டினேன். விளையாடுகிறவர் தொழிலாளர் குடியிருக்கிற லயத்திலிருந்து புறப்பட்டு, தேயிலைக் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்து, சோதனைச் சாவடி தாண்டி டவுனுக்கு வந்து சேர வேண்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடிந்தது. வாசிக்க முடியாதவர்களுக்கு நானே பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவேன்.

முதலில் விளையாடியவன் மருதமுத்து. தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அவன் மனைவி லெட்சுமி டுபாயில் ஒரு வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டுக்காரர்கள் எழும்புவதற்கு முன்னால் எங்கள் கடை நம்பருக்கு எடுப்பாள். நமக்கு அது விடிகிற நேரம். மருதமுத்து இருட்டோடு இறங்கி வந்து, பேசிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரட்டுக்குப் போய்விடுவான். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை லெட்சுமி வேறு வீட்டுக்கு மாறப்போவதாகச் சொன்னாள். அதோடு போன் நின்றுவிட்டது. புது வீட்டு நம்பர் யாரிடமும் இல்லை. மருதமுத்து மட்டும் வருவதை நிறுத்தவில்லை. போன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவனைக் கம்பியூட்டர் முன்னால் இழுத்து உட்கார வைத்து, டப்பா விஷயத்தை விளக்கினேன். கவனமாகக் கேட்டான்.

"அப்ப ஒரு டப்பாவுக்கு லெட்சுமின்னு பேர் வைங்கண்ணே. உள்ள ஒண்ணும் போட வேணாம், சும்மா இருக்கட்டும்."

அதே அஞ்சு

ராசம்மா அக்கா அந்தி நேரத்தில் வருவார். மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அங்கே வீட்டம்மா வெளியே போனால்தான் போனைத் தொட முடியும். அதுவரைக்கும் அக்கா விளையாட்டில் கொழுந்து பறித்தார். நாள் முழுக்க மலையில் பறித்துவிட்டு வந்தவரை இங்கேயும் பறிக்க வைக்கிறோமே என்று எனக்குத்தான் வெட்கம். அவர் நாலைந்து தடவை கூடையைக் கொட்டிவிட்டார். கொட்டக் கொட்டத் திரையில் அதே ஐந்து கிலோ.

'கூட்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வை' என்று எழுதியிருந்தேன். 'வை' என்றால் டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஐந்தை வைக்கும். 'கூட்டு' என்றால்தான் இருப்பதோடு சேரும். ராத்திரியில் தனியாக உட்கார்ந்து நிரல் எழுதிப் பழகிய யாரும் இந்த இடத்தில் விழாமல் போயிருக்க மாட்டீர்கள். அசடு வழிய நான் விளக்கி முடிக்கும் வரை அக்கா தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்ல தம்பி. கொழுந்து நிறுக்கிற எங்க நிறுவக்காரவர ஒங்களுக்கு முன்னாடியே தெரியும் போல."

வெறுங்கூடை

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பார்கள். அதையும் எழுதினேன்: நிறுவைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் இரண்டு கழி. வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் கூடையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழித்திருப்பான். நிறுவையில் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அதனால் எழுதவும் தோன்றவில்லை.

மருதமுத்துவுக்குத்தான் அந்தக் குறும்பு வந்தது. "வெறுங்கூடைக்கும் கழிப்பாங்களான்னு பாப்பமே" என்று ஒன்றுமில்லாத கூடையை நிறுவையில் வைத்தான். அந்த மொழியின் டப்பா சைபரிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். சைபருக்குக் கீழே அதற்கு எண் இல்லை. கீழே இறக்கினால் சுற்றிக்கொண்டு உச்சியில் போய் நிற்கும். சைபரில் இரண்டைக் கழித்ததும் திரையில் வந்தது இருநூற்று ஐம்பத்து நான்கு கிலோ. ஒரு மாதமாகச் சிரிக்காதவன் வாங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செய்தி லயத்துக்குப் போய்விட்டது. மறுநாள் அந்தியில் ராசம்மா அக்கா ஒரு கூட்டத்தோடு வந்தார். ஒருவருக்கும் போன் பேசுகிற வேலை இல்லை, வெறுங்கூடை நிறுக்கத்தான் வந்திருந்தார்கள். "கடைல இது என்ன கூத்து ஈக்கிது தம்பி?" என்று நஸீர் நானா கேட்டார். இன்றைக்கே திருத்திவிடுகிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்.

"அத மட்டும் தொட்றாதீங்க தம்பி. கழிச்சுக் கழிச்சே கூடிப்போன எடம் ஒலகத்துலேயே இது ஒண்ணுதான்."

மிச்சம்

முதல் பஸ்ஸின் கொண்டக்டர் சுனில், புறப்படுவதற்கு முன் கடைக்குள் வந்து ஒரு பிளேன்டீ குடிப்பார். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். விளையாட்டில் ஓர் இடத்தில் கையிலிருக்கிற ரொட்டியை வழியில் சந்திக்கிறவரோடு பிரித்துக்கொள்ள வேண்டும். சுனிலிடம் ஏழு ரொட்டி இருந்தது. பிரித்தார். ஆளுக்கு மூன்று வந்தது.

"மல்லி, ஆளுக்கு மூணுன்னா ஆறுதானே. இதுரு கோ?" என்றார். தம்பி, மிச்சம் எங்கே என்கிறார். இந்த மொழிக்கு முழு எண் மட்டும்தான் தெரியும், பிரித்து மிஞ்சுவதை அது விழுங்கிவிடும் என்றேன். அது பெரிய அநியாயம், இப்படி ஒரு மெஷினை மனிதர் பாவிப்பதா என்று டீயை வைத்துவிட்டு நியாயம் பேச ஆரம்பித்தார். வாங்கில் இருந்த மருதமுத்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"மிச்சம் எங்க போகுதுன்னு பஸ்ல டிக்கட் போடுற நீங்களே கேக்குறீங்களே, சுனில் அய்யா."

சாவடி

டவுனுக்கு வருகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி வைத்திருந்தேன். அதற்கு ஒரு டப்பா. ஒவ்வொரு தடவையும் அதில் தன்னிஷ்டத்துக்கு ஓர் எண்ணைப் போடுகிற கட்டளை அந்த மொழியில் இருந்தது. ஒற்றை எண் விழுந்தால் போகலாம், இரட்டை விழுந்தால் ஓரமாக நிற்க வேண்டும். அடையாள அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கதிதான்.

கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்த யோகன் தீபாவளிக்கு வந்திருந்தான். அந்த வருடம் அவனை ஒரு சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பியிருந்தார்கள். என் விளையாட்டில் முதல் தடவை நிறுத்தப்பட்டான். எதையும் மாற்றாமல் மறுபடி போனான், விட்டார்கள். மூன்றாம் தடவை மறுபடி நிறுத்தம். ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, சும்மா விழுகிற எண்தான் என்றேன். கீபோர்டை என் பக்கம் தள்ளினான்.

"மத்ததெல்லாம் வெளையாட்டுண்ணே. இது ஒண்ணத்தான் பாத்து எழுதியிருக்கீங்க."

பொறுமை

விளையாட்டு எந்த இடத்திலாவது முடிய வேண்டுமே. அதற்காகப் 'பொறுமை' என்று ஒரு டப்பா வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒன்று கழித்தேன். சைபர் வந்தால் 'விடிந்துவிட்டது, எழுந்து போ' என்று திரையில் விழும், ஆட்டம் முடிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வரி விழுந்ததும் மருதமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கழித்தலை எடுத்துவிட முடியுமா என்று கேட்டான். ஒரே ஒரு வரிதான், எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு ஆட்டம் முடியவில்லை, அவனும் எழும்பவில்லை. முதல் பஸ் போகும். சுனில் வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவார். நஸீர் நானா வந்து கடையைக் கூட்டுகிற நேரத்திலும் அவன் அந்தத் தோட்டத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பான். அங்கே பெரட்டில் அவனுக்குப் பேர் விழவில்லை. இப்படியே போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று கங்காணி சொல்லியனுப்பினார். அவன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற தங்கச்சி ஒரு நாள் கடைக்கே வந்து, "அண்ணன எந்திருச்சு வரச் சொல்லுங்க" என்று என்னிடம் அழுதாள். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் போன பிறகு மணி அடித்தால்? அதைவிட, அடிக்கவே அடிக்காவிட்டால்?

அடுத்த வெள்ளிக்கிழமை அவனே என் கையைப் பிடித்துக் கீபோர்டில் வைத்தான்.

"கழிக்கிறத திருப்பிப் போட்டுருங்கண்ணே. எந்திரின்னு எனக்கு நானே சொல்லிக்க முடியல."

மணி

போட்டேன். அதன் பிறகு ஒழுங்காக, வரி விழுந்ததும் எழுந்து போனான். அப்படிப் போன ஒரு காலை, வெளியே தூறல். சாவி கொடுக்க நேரமாகிவிட்டதால் ஒரு துணியை நனைத்துப் போன் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டார்ட் ஆகி உறுமுகிறது. அப்போதுதான் மணி அடித்தது.

எடுத்தேன். "மருதமுத்து வந்திருக்காங்களா?" என்றது, மூச்சைப் பிடித்துப் பேசுகிற குரல். இருங்கள், வைத்துவிடாதீர்கள் என்று சொல்லி ரிசீவரைப் பெட்டிக்குள் இருந்த தட்டில் கிடத்திவிட்டு ஓடினேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. மிதிபலகையில் நின்ற சுனில் என் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஓர் அடி. உள்ளே பார்த்து, "மருது, யன்ன, யன்ன, போ, போ" என்று முதுகில் தட்டி இறக்கிவிட்டார். அவன் மழையில் என்னைத் தாண்டி ஓடினான்.

பெட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். நாம் கேட்கக்கூடாது, அது நம் தொழில் மரியாதை. நான் வாசலுக்கு வந்து நின்றேன். பஸ் போகவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாருக்கும் பெரட்டு இருந்தது. ஆனாலும் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. டிரைவர் மட்டும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

மருதமுத்து வெளியே வந்தான். "புது வீட்ல போன பூட்டி வச்சிருக்காங்களாம். பக்கத்து வீட்டுப் பொம்பளகிட்ட கெஞ்சிப் பேசுனா. நல்லாத்தான் இருக்காளாம். புள்ள பல்லு வெளக்குதான்னு கேட்டா." பஸ் பக்கம் பார்த்தான். "இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டாளாம்." அவன் முகம் நனைந்திருந்தது, மழையாகவும் இருக்கலாம். பஸ்ஸுக்குத் திரும்பியவன், நடு ரோட்டில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இத எந்தக் கட்டளையில போடுவீங்கண்ணே, கூட்டுறதுலயா, கழிக்கிறதுலயா?"

ஒரு தோட்டத்தையே டப்பாவுக்குள் கட்டிய எனக்கு அந்த ஒரு வரியை எழுத இன்றைக்கும் தெரியாது என்பதால், பஸ் திரும்பி மறையும் வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.