கரை கசிந்த மதியம்

சேவுகம்பட்டிப் பக்கம், கண்மாய்க் கரைக்கு நேர் கீழே எங்கள் சம்பங்கித் தோட்டம். வீடும் அதற்குள்தான். அந்தக் கோடையில் ஊரார் சேர்ந்து கண்மாயைத் தூர்வாரி, அந்த மண்ணைப் போட்டே கரையை உயர்த்தினோம். நானும் மண் சுமந்தேன். புது மண் இறுகுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நெடுநாள் காய்ந்து கிடந்த கண்மாய் நிறைந்ததைப் பார்க்க ஊரே கரைக்கு வந்தது. எனக்கோ, தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் நிற்கிறதே என்றுதான் இருந்தது.

ஒரு மதியம் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஓடிவந்தாள்.

"அக்கா, கரையடியில தண்ணி கசியுது. கலங்கலா வருது!"

கலங்கி வந்தால் கரையை உள்ளே அரிக்கிறது என்று பொருள். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை.

நான் ஓடிப் போனபோது ஊரார் கசிவைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மடையைத் திறந்து தண்ணீரைக் குறைத்தால்தான் கரை தாங்கும். ஷட்டரைத் தூக்கியும் தண்ணீர் போகவில்லை. உள்பக்கம் ஏதோ அடைத்திருந்தது. என் கணவர் சட்டையைக் கழற்றினார்.

"ஏங்க, வேணாம். அடைப்பு எடுபட்டா ஆளையே இழுத்துரும்" என்றேன்.

"இடுப்புல கயிறு கட்டிக்கிறேன். இம்புட்டுப் பேரு பிடிக்கிறீகல்ல?"

"தீயணைப்புக்குச் சொல்லியாச்சு அப்பு, செத்த பொறு" என்றார் கண்மாய்ச் சங்கத் தலைவர்.

"அவுக வர்ற வரைக்கும் கரை நிக்குமா?"

தலைவரே கயிற்றை எடுத்துக் கொடுத்தார்.

கணவர் முங்கினார். கயிற்றை நானும் பிடித்திருந்தேன். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முங்கினார். திடீரென்று கயிறு விறைத்து எங்களை முன்னால் இழுத்தது. மடைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இரைந்து பாய்ந்தது. அவர் தலை மட்டும் தெரியவில்லை.

"விட்டுறாதீக! இழுங்க!" கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

தோள் தோலுரிந்து, தண்ணீரைக் கக்கிக்கொண்டே வந்து கரையில் விழுந்தார். அடைத்திருந்தவை தென்னை மட்டைகளும் ஆகாயத்தாமரையுமாம்.

பொழுது சாய்வதற்குள் கசிவு தெளிந்து, மெல்ல நின்றது. கரை பிழைத்தது. மடைத் தண்ணீரில் வாய்க்கால் நிரம்பி வழிந்து, எங்கள் சம்பங்கி முழுவதும் மூழ்கி அழுகிப்போனது. அதற்கு நான் அழவில்லை.

இப்போது மழைக்கு முன்பே எல்லோருமாகச் சேர்ந்து மடையைச் சுத்தம் செய்துவிடுகிறோம். ஆனாலும் மழை வலுத்தால், அவருக்குச் சொல்லாமல் கரையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.