சிவந்த கன்னங்கள்

துணி ஆலையை ஒட்டிய குழந்தைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பிள்ளைகளுக்கு அவள் அத்தை. மூக்கைத் துடைத்துவிடுவாள், அவர்கள் கடித்து மிச்சம் வைத்த ரொட்டியைத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். முதல் கரு கலைந்து வெகுகாலம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. நான்காம் மாதம்.

மழை பிடித்த வாரத்தில் ஒரு சிறுமி, யாரோ பளாரென்று அறைந்தது போல இரண்டு கன்னமும் சிவந்து வந்தாள். மற்றபடி ஓடி விளையாடினாள். "தக்காளி" என்று பேர் வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள் அத்தை. அடுத்த வாரம் இன்னும் சில தக்காளிகள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அத்தைக்கு மணிக்கட்டு வலித்தது. காலையில் விரல் மடங்கவில்லை. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் தைலம் தேய்த்துவிட்டான்.

"பிள்ளைங்கள தூக்கித் தூக்கித்தான் இப்படி."

"இருக்கும்" என்றாள்.

மாதப் பரிசோதனையில் போகிற போக்கில் அந்த வலியைச் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வேலை பாக்குற இடத்துல எந்தப் பிள்ளைக்காவது கன்னம் சிவந்திருந்துச்சா?"

"ஆமாங்க, தக்காளின்னு ஒரு வாலு..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். டாக்டரம்மா அதற்குள் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

ரத்தப் பரிசோதனை சந்தேகத்தை உறுதி செய்தது. கன்னத்தைச் சிவக்கவைத்து, பிள்ளைகளை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிற கிருமி அது; பெரியவர்களுக்கு மூட்டு வலியாக வரும். கருவுக்குள் புகுந்தால், சிசுவின் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகலாம்.

"எல்லாருக்கும் அப்படி ஆகறதில்லம்மா. ஆனா இதுக்கு மருந்து கிடையாது. வாராவாரம் ஸ்கேன் பண்ணிக் கவனிக்கணும்."

வராந்தாவுக்கு வந்ததும் அவள் காப்பகத்துச் சமையல்காரிக்குப் போன் செய்தாள்.

"தாளிக்கிற வாசம் வந்தாலே ஓடுறியே, நீயும் முழுகாம இருக்குறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? இன்னைக்கே போய் ரத்தம் டெஸ்ட் பண்ணு."

"இன்னும் யார்கிட்டயும் சொல்லலக்கா..."

"என்கிட்ட சொல்ல வேணாம். டாக்டர்கிட்ட சொல்லு."

சமையல்காரிக்கு முன்பே அந்தக் கிருமி வந்து போயிருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. இனி பயமில்லை என்று தெரிந்தது. அந்தச் செய்தி கேட்டு அத்தை சந்தோஷப்பட்டாள். கூடவே வயிறும் எரிந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதல் ஸ்கேன்களில் ஒன்றுமில்லை. ஆறாம் மாதம் தொடங்கியபோது அசைவு குறைந்தது. ஸ்கேன் செய்துகொண்டிருந்த டாக்டரம்மா திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குழந்தை வயித்துல தண்ணி கோத்திருக்கு. ரத்தம் ஏத்தணும். உனக்கில்ல, உள்ள இருக்குற குழந்தைக்கு."

வயிற்றின் வழியாகத் தொப்புள்கொடிக்குள் ஊசி இறங்கியது. அவள் மூச்சைக்கூட அளந்து விட்டாள். பல மாடி உயரத்தில் கம்பியில் தொங்கி வேலை பார்க்கிற கணவன், வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று முழுக்க வயிறு அசையவில்லை. மறுநாள் மதியம், உள்ளே லேசாக ஒரு இடி. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொன்று வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தது.

பெண் குழந்தை, நாள் முந்திப் பிறந்தது. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. அழவே நேரமெடுத்துக்கொண்டது.

"பொழச்சுக்குமா?" என்று கேட்டான் கணவன்.

"இன்னைக்கு நல்லா இருக்கா" என்றார் டாக்டரம்மா. "அடுத்த வாரம் ரத்தம் எடுத்துப் பாப்போம்."