கரடிக்கு வார்த்த குண்டு

எங்கள் குசினியில் கறி வாசம் போய் ஈய வாசம் வந்த கிழமை ஒன்று உண்டு. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமும் சந்தோஷமும் ஒன்றாய்ச் சேர்ந்திருந்தன. இன்றைக்கும் நல்ல காரியம் ஏதும் நடக்கப்போகிறது என்றால் எனக்கு முதலில் வருவது அந்த ஈய வாசம்தான்.

எல்லாம் மாமாவால் வந்தது. உம்மாவுக்கு ஒரே தம்பி அவர். திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைத் துரை ஒருவரின் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் துறைமுகத்தை விட்டுப் போனபோது அந்தத் துரை தன் பெரிய றிவோல்வரை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அரசாங்கக் கச்சேரியில் முறையாகப் பதிந்தாயிற்று என்று மாமா சொன்னார். உம்மா நம்பவில்லை. ஒழுங்கையில் பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் அதைத் தூக்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிடுவார்.

மாமா எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணிக்குத் திரும்பி வந்தபோது றிவோல்வரோடு ஒரு கதையும் வந்து சேர்ந்தது. துரை வீட்டில் பன்றி ஆக்கிய கை என்று ஊரில் பேசினார்கள். பன்றிக்கு வேறு ஆள் இருந்தது, தான் மீனும் கோழியும்தான் என்று மாமா சத்தியம் செய்தார். ஆனால் அவர் துரையோடு ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்ததாகவும், போர்க்கப்பலின் சுக்கானைப் பிடித்ததாகவும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகையால் இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் விருந்துகளில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மாமா இருக்கிற தட்டில் மட்டும் வேறு யாரும் கை வைப்பதில்லை. முப்பது தாண்டியும் அவருக்குப் பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. எனக்கோ மாமாவைப் போலக் கொடுத்துவைத்தவர் இல்லை என்று எண்ணம். முழுத் தட்டு இறைச்சியும் அவருக்கே அல்லவா.

என் அக்கா, ராத்தாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வயலும் மாடும் உள்ள பெரிய மனிதர், ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர். கலியாணத்துக்கு நாள் குறிக்க வெள்ளிக்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்தபோது, வாசலில் நின்ற மாமா வாயைத் திறந்தார்.

"அண்டைக்கு உங்களுக்கு மான் இறைச்சி ஹாஜியார். நானே சுட்டு, நானே அறுத்து, நானே ஆக்கித் தாறன்."

ஹாஜியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப பார்ப்பம்" என்றார்.

அவர்கள் படலை தாண்டும்வரை உம்மா பொறுத்துக்கொண்டிருந்தார். "உன்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஏலாதா தம்பி? இப்ப மான் வராட்டி என்ட புள்ளைக்குத்தானே மானக்கேடு."

"வரும். என்ட கையால அறுத்தத அந்த மனிசன் திண்டா, பொறகு இந்த ஊரே திங்கும்" என்றார் மாமா.

அவர் சிரிக்காமல் ஒன்றைச் சொன்னது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

துரை கொடுத்த தோட்டாக்களை மாமா பெருநாளுக்கும் பெருநாள் இல்லாத நாளுக்கும் சுட்டு முடித்திருந்தார். பட்டினத்துக் கடையில் வயல்காவல் துவக்குக்கான தோட்டாதான் கிடைத்தது. அது றிவோல்வருக்குள் நுழையாது. சுட்ட பித்தளைக் கோதுகளை மாமா ஒரு மா டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைத்தான் திரும்ப நிரப்ப வேண்டும். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கிற கேப்பும் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது. குண்டு வார்க்கிற அச்சைத் துறைமுகப் பட்டறையில் ஒரு கூட்டாளி கடைந்து கொடுத்தார். ஈயத்துக்கு வாப்பாவின் பழைய வீச்சுவலையில் கோத்திருந்த மணிகள் போயின. உருக்குவதற்கு உம்மாவின் இரும்பு அகப்பை போயிற்று.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். அந்தக் கிழமை அடுப்படியில் படித்தது இன்னும் மறக்கவில்லை. வலைமணிகள் ஒவ்வொன்றாய் முகம் சுருங்கி, சரிந்து, திடீரென்று கண்ணாடி மாதிரி ஒன்றாய்ப் போய்விடும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அச்சில் ஊற்றுவார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அச்சைத் தட்டினால் குண்டு வெளியே விழும். பாலைப்பழம் அளவுதான், ஆனால் உள்ளங்கையில் வைத்தால் கை தாழும்.

"ஏன் மாமா இவ்வளவு பாரம்?"

"சின்னது பட்டா மான் காட்டுக்குள்ள ஓடிப்போய்ச் சாகும் புள்ள. இது பட்டா நிண்ட இடத்திலயே விழும்."

உம்மா பள்ளிவாசல் லெப்பையின் வீட்டுக்குப் போய் வேறு ஒரு கதையோடு திரும்பி வந்தார். "கத்தி வைக்கக்குள்ள உசிர் இருக்கோணுமாம். குண்டால செத்தா ஹறாம், திங்க ஏலாதாம். கேட்டியா?"

அங்கேதான் சிக்கல். மான் விழவும் வேண்டும், சாகவும் கூடாது. மாமா மருந்தை நிறையப் போட்டு ஒரு தோட்டா செய்தார். வீட்டுக்குப் பின்னால் கடல்நீர்க் களப்புக் கரையில் கிடந்த பனங்குற்றியை நோக்கிச் சுட்டார். குற்றி இரண்டாய்ப் பிளந்தது. அயல்வீட்டுக் கோழிகள் கூரைக்கு ஏறின.

"இதால சுட்டா மான் கடைசிக் கலிமா சொல்லவும் நேரமிராது மச்சான்" என்றார் வாப்பா.

மருந்தைக் குறைத்துச் சுட்டார். குண்டு மரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ராத்தா போய் நகத்தால் கிள்ளி எடுத்து வந்தார்.

"இதால சுட்டா மான் திரும்பிப் பார்க்கும், ஆரு கல்லெறியிற எண்டு" என்றார் வாப்பா மறுபடியும்.

ராத்தா சிரித்துச் சிரித்துக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். மாமா சளைக்கவில்லை. கூட்டினார், குறைத்தார், சுட்டார். குற்றிக்குள் விரல் அளவு போய் நிற்கிற மாதிரி ஒன்று கடைசியில் அமைந்தது. எங்கள் எல்லோருக்கும் தலைகால் தெரியவில்லை. வாப்பாகூட மாமாவின் முதுகில் தட்டினார். உம்மாவுக்கு மட்டும் கரடி நினைவு வந்துவிட்டது.

"தண்ணிக்குக் கரடியும் வரும். அந்தக் குற்றி பிளந்த தோட்டாவிலயும் ரெண்டு கொண்டு போ."

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால், கரடித் தோட்டாக்களின் தலையில் மாமா உம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவினார். பிறகு எல்லாவற்றையும் இடுப்புச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டார். அது கழன்றுவிடுமோ என்று நான் கேட்டேன். வெடித்துவிடுமோ என்றும், கரடி எத்தனை மணிக்கு வரும் என்றும், மாமாவின் கை போய்விட்டால் எப்படிச் சாப்பிடுவார் என்றும் கேட்டேன். வியாழன் மத்தியானம் வண்டில் பூட்டியபோது உம்மா என்னைத் தூக்கி வண்டிலுக்குள் போட்டார்.

"இவளையும் கொண்டு போங்க. வீட்டில இருந்தா கேட்டுக் கேட்டு என்னையும் விசராக்கிப்போடுவாள்."

காட்டோரக் குளம் ஒன்றுக்குப் போனோம். வெயில் காலம், தண்ணீர் நடுவில் மட்டும் கிடந்தது. மடிக்குள் தடவி எடுத்த தோட்டாக்களை றிவோல்வரில் போட்டுக்கொண்டு மருத மர வேரின் பின்னால் மாமா பதுங்கினார். சற்றுத் தள்ளி வாப்பா என்னை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தபோது மான்கள் வந்தன. ஒன்று, அதன் பின்னால் கூட்டம். முன்னால் கொம்போடு ஒரு கலைமான் வந்து, தண்ணீரில் வாயை வைத்து, எடுத்து, எங்கள் பக்கம் பார்த்தது. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடும் என்று பயந்து நெஞ்சை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

மாமா பிஸ்மி சொல்வது கேட்டது. பிறகு காடே அதிர்ந்தது. கொக்குகள் வெள்ளைச் சீலை உதறினாற்போல எழும்பின. கூட்டம் சிதறி ஓட, கலைமான் மட்டும் முன்னங்கால்களை மடித்து அந்த இடத்திலேயே விழுந்தது.

மாமா சாரத்தை மடித்துக்கொண்டு, கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். ஒரு செருப்புச் சேற்றில் நின்றுவிட்டது. நான் வாப்பாவின் பிடியை உதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். "விழுந்துட்டு, விழுந்துட்டு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எதற்கும் ஓடியதில்லை.

மாமா மானின் பக்கத்தில் முழங்காலில் நின்றார். ஒரு கை அதன் கழுத்தில் இருந்தது. மற்றக் கையில் கத்தி சும்மா இருந்தது. வாப்பா இளைத்து இளைத்து வந்து சேர்ந்தார்.

"அறு மச்சான். என்ன பார்க்கிறாய்?"

"உசிர் இல்ல."

"இப்பத்தானே விழுந்த. சூடும் ஆறல்ல. அறுத்து விடு."

"நான் வரக்குள்ளயே இல்ல."

"அத ஆரு கண்ட?"

"நான் கண்டனான்."

மாமா மடியை அவிழ்த்துப் பார்த்தார். வண்டில் குலுக்கலில் தோட்டாக்கள் ஒன்றோடொன்று உரசி, எல்லாவற்றிலும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சம் அப்பியிருந்தது. எது கரடிக்கு, எது மானுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் கத்தியை உறைக்குள் போட்டார். வழியில் விறகு ஏற்றிக்கொண்டு நின்ற, அறுக்கிற கணக்கெல்லாம் இல்லாத இந்துத் தமிழ் ஆட்களிடம் மான் கிடக்கிற இடத்தைச் சொன்னார். அவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

நான் வீடு வரும்வரை அழுதேன். போர்க்கப்பலின் சுக்கானைப் பிடித்த மனிதருக்கு இந்தச் சின்னப் பொய் ஒன்று சொல்ல முடியாமற் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மூதூர் ஆட்கள் வந்தார்கள். வாப்பா ஆடு அறுத்திருந்தார். ஹாஜியாரை முதல் சஹனில் ஊர்ப் பெரியவர்களோடு இருத்தினார்கள். கடைசிப் பாயின் மூலையில் மாமா ஒரு முழுத் தட்டோடு தனியே இருந்தார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன். ஹாஜியார் இறைச்சியைத் தொட்டுப் பார்த்தார்.

"மான் எண்டு சொன்ன ஆள் எங்க?"

மாமா எழும்பினார். "சுட்டனான் ஹாஜியார். கத்தி வைக்க முந்தி உசிர் போயிட்டு. அதால கொண்டுவரல்ல."

"இவரக் கண்டு சிரிச்சே செத்திருக்கும்" என்றார் எங்களூர் ஆள் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"உசிர் போன ஆரு கண்ட?"

"நான்தான்."

"வேற ஆரும்?"

"இல்ல. மச்சான் பொறகுதான் வந்த."

"மான் இப்ப எங்க?"

"விறகு வெட்டுற ஆக்களுக்குக் குடுத்தாச்சு."

மானின் கொம்பு இவ்வளவு நீளம் என்றுகூட மாமா சொல்லவில்லை. ஹாஜியார் எழும்பி, தட்டுகளையும் ஆட்களையும் தாண்டி நடந்துபோய், மூலையில் மாமாவுக்கு முன்னால் குந்தினார். "தள்ளி இரிங்க தம்பி" என்று சொல்லி மாமாவின் சஹனில் கையை வைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கோபத்தில்தான் இடம் மாறிவிட்டார், கலியாணம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவரோ நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். மூதூர் ஆட்கள் இரண்டு பேர் வந்து அந்தத் தட்டில் சேர்ந்தார்கள். கொஞ்சம் பொறுத்து, அந்தச் சிரிப்புக் கதை சொன்ன எங்களூர் ஆளும் வந்து சேர்ந்தார். இத்தனை பேர் பங்குக்கு வந்தும் மாமா சோற்றில் வைத்த கையை வாய்க்குக் கொண்டுபோகவேயில்லை. குளத்துப் பனி பட்டுக் காய்ச்சல் வந்துவிட்டது என்று பயந்து நான் ஆண்களுக்கு நடுவே நுழைந்துபோய் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

குசினிக்கு ஓடினேன். "மாமாவுக்குக் காய்ச்சல் இல்ல உம்மா. ஆனா தின்றாருமில்ல, கதைக்கிறாருமில்ல. அந்த ஹாஜியாரெல்லாம் அவர்ட சோத்தத் திண்டு முடிக்கப்போறாங்க."

உம்மா என் பக்கம் திரும்பவில்லை. நன்றாகப் பற்றி எரிந்துகொண்டிருந்த அடுப்பை அவர் ஏன் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.